பக்கத்துக் கல்லூரியா, சென்னையா? ஒடுகத்தூர்ப் பக்கத்து மாணவிக்கு என்ன சொல்வது?

உத்திரகாவேரி (இழையைத் தொடங்கியவர்)
மே 11, இரவு 9:50

என் அண்ணன் மகள் இந்த வருடம் பிளஸ் டூவில் 600க்கு 541 வாங்கியிருக்கிறாள். அரசுப் பள்ளி, தமிழ் வழி. எங்கள் ஊர் ஒடுகத்தூரிலிருந்து மலையடிவாரம் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்து கல்லூரிப் படிப்பு படித்தவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. இயற்பியல்தான் படிப்பேன் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற பெண். சென்னையில் நல்ல மகளிர் கல்லூரியிலேயே இடம் கிடைக்கும், விண்ணப்பம் போடுங்கள் என்று அவளுடைய டீச்சர் போன் செய்து சொன்னார்.

அண்ணன் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வேலூர்ல இல்லாத காலேஜா? காலையில போயி பொழுது சாய வூட்டுக்கு வர்ற மாதிரி இருந்தா படிக்கட்டும். அம்மாந்தூரம் பொட்டப்புள்ளய உட்டுட்டு நான் இன்னா வயித்துல நெருப்பக் கட்டிக்கினு கெடக்கணுமா?"

இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. 1996இல் நான் பிளஸ் டூ முடித்தபோது என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அப்போது எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை பஸ். வேலூருக்குக்கூட அனுப்பவில்லை. வேதியியல் படிக்க ஆசைப்பட்ட நான் வீட்டில் உட்கார்ந்து அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு முடித்தேன். தபாலில் பாடம் வரும், சோதனைக்கூடம் வராதே. இப்போது வாலாஜாவில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். பட்டம் இருக்கிறது. ஆனால் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து படித்த தோழி என்று ஒருத்திகூட எனக்குக் கிடையாது. அது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

வேலூர் போய்வருவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை 6:40 பஸ்ஸைப் பிடித்தால் ஒடுகத்தூர், அணைக்கட்டு வழியாக எட்டேகாலுக்கு வேலூர். சாயந்திரம் 5:30 பஸ்ஸை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு மேல். அதுவும் ஒடுகத்தூரோடு நின்றுவிடும். அங்கிருந்து நான்கு கிலோமீட்டர். யாராவது வண்டியில் வந்து கூட்டிப்போக வேண்டும்.

அண்ணனோடு சண்டை போட்டுச் சென்னைக்கு அனுப்புவதா, வேலூரே போதும் என்று விடுவதா? பக்கத்துக் கல்லூரியில் படித்த பெண்கள், பெண்களைப் படிக்க அனுப்பியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

கோட்டை மதில்
மே 11, இரவு 11:15

தங்கச்சி, பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல். தமிழ் வழியில் 541 என்பது சாதாரண உழைப்பு இல்லை.

நான் இந்த மாவட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். அண்ணனோடு சண்டைக்குப் போகும் முன்னால் ஒன்றை யோசித்துப் பார். வட ஆற்காட்டில் பெண்கள் படித்ததெல்லாம் அநேகமாகப் படிப்பு அவர்களைத் தேடி வந்ததால்தான்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரை எடுத்துக்கொள். 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று ஒரே இரவில் மூன்று வீட்டார் இவரைப் பிரசவத்துக்குக் கூப்பிட வந்ததும், மூன்று பெண்களும் செத்துப்போனதும் வேலூரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த கதை. அமெரிக்கா போய் 1899இல் கார்னெல் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1900இல் இங்கே ஒரு கட்டிலைப் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். அதோடு அவர் நின்றிருந்தால் ஒரு நல்ல டாக்டரம்மா என்று மட்டும் பெயர் இருந்திருக்கும். 1909இல் செவிலியர் பள்ளி, 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. முதல் அணியில் 17 பெண்கள். ஆண்களுக்கு அங்கே 1947இல்தான் கதவு திறந்தது. ஏறக்குறைய முப்பது வருடம் பெண்கள் மட்டுமே மருத்துவம் படித்த ஊர் இது! டாக்டருக்குப் படிக்கலாம் என்ற எண்ணமே இந்தப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்தக் கட்டடத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கும்.

அப்புறம் 1954இல் காட்பாடி காந்தி நகரில் ஆக்சீலியம், 1972இல் சாயிநாதபுரத்தில் டி.கே.எம். மகளிர் கல்லூரி. குடியாத்தத்தில் திருமகள் ஆலைக் கல்லூரி, வாலாஜாவில் அறிஞர் அண்ணா மகளிர் கல்லூரி, 1965இல் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி. ஊரிசு கல்லூரி 1898லேயே இருந்த ஊரில் பெண்ணுக்கென்று கலைக் கல்லூரி வர 1954 ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். ஒவ்வொன்று வந்தபோதும் அதைச் சுற்றிப் பத்து இருபது மைலுக்குள் பெண்ணின் கல்யாணப் பேச்சு மூன்று வருடம் தள்ளிப்போனது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் கணக்கு வகுப்பில் பெண்கள் ஆறு பேர். ஓய்வு பெற்ற வருடம் பையன்களைத்தான் விரல்விட்டு எண்ணினேன்.

அதனால் "வேலூரே போதும்" என்பதை இறங்கிப்போவதாக எடுத்துக்கொள்ளாதே.

கொத்தமல்லிச் செடி
மே 12, காலை 6:05

சார் சொல்வதை மதிக்கிறேன். தள்ளிப்போன அந்த மூன்று வருடம் எப்படிப் போகிறது என்பதையும் பேசத்தான் வேண்டும்.

எனக்கும் கல்லூரி பக்கத்தில்தான். பதினோரு கிலோமீட்டர், ஒரே பஸ். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் ஏழு பேர், ஏழு பேரும் பி.காம். வணிகவியல் மேல் ஆசை என்று இல்லை. அந்த பஸ் போகும் கல்லூரியில் அதற்கு இடம் இருந்தது, மூத்தவள் படித்த புத்தகம் வீட்டில் இருந்தது, அவ்வளவுதான்.

பக்கத்தில் இருப்பதால் வீட்டு வேலை எதுவும் குறையாது. காலையில் சோறாக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். சாயந்திரம் வந்து மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டும். பெரியம்மா வீட்டில் மஞ்சள் நீராட்டு என்றால் இரண்டு நாள் லீவு, நாற்று நட ஆள் இல்லை என்றால் ஒரு நாள் லீவு. விடுதியில் இருக்கிற பெண்ணை யாராவது நாற்று நடக் கூப்பிடுவார்களா? என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தாவது செமஸ்டர் நடக்கும்போது பெண் பார்க்க வந்தார்கள். அன்றைக்கும் லீவு. கல்யாணப் பத்திரிகையில் என் பேருக்குப் பின்னால் பி.காம். என்று அழகாகப் போட்டார்கள். ஆறாவது செமஸ்டர் பரீட்சையை மாமியார் வீட்டிலிருந்து வந்து எழுதினேன்.

படித்ததற்கு வருத்தப்படவில்லை. என் மகளுக்குக் கணக்குப் பாடம் நானே சொல்லிக்கொடுக்கிறேன். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறேன். ஆனாலும் உத்திரகாவேரி அக்கா, அந்தப் பிள்ளை வேலூரில் படித்தாலும் "வீட்டிலிருந்து போய்வருவது" என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆம்பூர் வாசி
மே 12, மதியம் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். நான் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சூப்பர்வைசர். என் லைனில் 42 பெண்கள். பாதிப் பேர் பிளஸ் டூ முடித்தவர்கள். நாலைந்து பேர் டிகிரியை நடுவில் விட்டவர்கள்.

ஏன் விட்டீர்கள் என்று கேட்டிருக்கிறேன். பீஸ் கட்ட முடியவில்லை என்பவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் சொன்னது பஸ். கம்பெனி வண்டி காலையில் அவர்கள் ஊர் வேப்பமரத்தடிக்கே வந்து நிற்கும். சாயந்திரம் அதே மரத்தடியில் இறக்கிவிடும். டிரைவர் தெரிந்தவர், வண்டியில் எல்லாரும் பெண்கள். அப்பா அம்மாவுக்குப் பயம் இல்லை. கல்லூரிக்கு அப்படி ஒரு வண்டி கிடையாது.

வேலைக்கு ஆள் வேண்டும் என்றதும் முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஊருக்குள்ளும் வண்டி போகிறது. படிப்பதற்கு மட்டும் பிள்ளைதான் ரோட்டுக்கு நடந்து வர வேண்டும். பதினெட்டு வயசுப் பெண் எந்த வண்டி வாசலுக்கு வருகிறதோ அதில்தானே ஏறுவாள்? அவர்கள் என் லைனில் கை வேகமாக ஓட வேலை செய்யும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறும் எரியும்.

வெள்ளை மல்லி
மே 12, இரவு 8:30

வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஆண்களுக்கு 1919லேயே இஸ்லாமியா கல்லூரி வந்துவிட்டது. என் தாத்தா அங்கே படித்தவர். அவருடைய மகள், என் அம்மா, எட்டாவதோடு நின்றார். படிக்காத வீடு என்று சொல்ல முடியாது. பெண்ணை அனுப்ப ஊருக்குள் இடம் இல்லை, வெளியூர் அனுப்ப மனசு இல்லை.

எங்கள் தலைமுறையில் ஊருக்குள்ளேயே மகளிர் கல்லூரிகள் இருந்தன. இஸ்லாமியா மகளிர் கல்லூரி, மருதர் கேசரி ஜெயின் மகளிர் கல்லூரி. புர்காவோடு நடந்தே போவோம். எங்கள் தெருவில் என் வயதுப் பெண்களில் டிகிரி முடிக்காதவர்கள் குறைவு. அம்மாவுக்கும் எனக்கும் புத்தியில் வித்தியாசம் இல்லை, கல்லூரி வாசல் இருந்த இடத்தில்தான் வித்தியாசம்.

இன்னொன்று. கல்லூரி ஊரில் இருந்தால் படிக்கிற பெண்ணை ஊர் தினமும் பார்க்கிறது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு போகிற அக்காவை ஆறாவது படிக்கிற சின்னப் பெண் பார்க்கிறாள். சென்னைக்குப் போகிற ஒருத்தியைத் தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும்தான் பார்ப்பாள்.

எண்ணும் எழுத்தும்
மே 13, காலை 10:40

குடியாத்தம் பக்கம் பிறந்து, இப்போது மதுரையில் பொருளாதாரத்தில் ஆய்வு செய்கிறேன். இங்கே பேசுவதை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதன் விளைவை அளந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்வது 32 சதவீதம் கூடியது. பையனுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. இதில் முக்கியமான இடம், பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் மாற்றம் பெரிதாகத் தெரிந்தது. அதே ஆசிரியர், அதே பாடம், நடுவே இருந்த ரோட்டை மட்டும் பெண்ணால் கடக்க முடிந்தது.

டெல்லியில் கிரிஜா போர்க்கர் செய்த ஆய்வு இன்னும் வலிக்கும். டெல்லிப் பல்கலைக்கழக மாணவிகள், போகும் வழி பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் மார்க்குக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் சேர்கிறார்கள். பையன்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. தலைநகரில், மெட்ரோ ரயில் ஓடுகிற ஊரில் இந்த நிலை. கொத்தமல்லிச் செடி அக்கா சொன்ன ஏழு பி.காம்.களை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

வங்கதேசத்தில் 1994இல் கிராமத்துப் பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி உதவித்தொகை கொடுத்தபோது, படிப்பு முடியும்வரை கல்யாணம் ஆகக்கூடாது என்பதையும் நிபந்தனையாக வைத்தார்கள். நம் மாநிலம் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இலிருந்து கல்யாணத்துக்கு உதவி கொடுத்துவந்தார்கள். 2022 செப்டம்பர் 5 முதல் அதே பெயரில் புதுமைப் பெண் திட்டமாக, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருகிற பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய். பெண்ணுக்கென்று ஒதுக்கிய பணம் கல்யாணப் பந்தலிலிருந்து கல்லூரி வாசலுக்கு இடம் மாறியதே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் 18 முதல் 23 வயதுக்குள் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை 47 சதவீதம். இந்தியா முழுக்க 28.4. நாம் முன்னால் இருக்கிறோம். ஆனால் 2019-21இல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருக்கிறது. எட்டில் ஒரு பெண். அவர்களுடைய ஊர்களுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்டுப் பார்க்க வேண்டும்.

சத்துவாச்சாரி
மே 13, இரவு 10:10

எல்லோரும் பதினெட்டு வயதுப் பெண்ணைப் பற்றியே பேசுகிறோம். முப்பத்து மூன்று வயதுப் பெண்ணைப் பற்றி நான் சொல்கிறேன்.

நான் பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். இரண்டு பிள்ளைகள். கணவர் லாரி புக்கிங் ஆபீசில் வேலை. வக்கீலாக வேண்டும் என்பது சின்ன வயதுக் கனவு, ஆனால் அப்போது சட்டம் படிக்க வேலூரில் இடம் இல்லை. 2008இல் காட்பாடியில் அரசு சட்டக் கல்லூரி வந்தது. பேப்பரில் படித்துவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்தேன். ஒரு நாள் என் அத்தைதான், கணவரின் அம்மா, "காட்பாடிதானே? பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன், போயி படி" என்றார். மூன்று வருடச் சட்டப் படிப்பு. எங்கள் வகுப்பில் என்னைப் போல ஒன்பது பெண்கள், எல்லோரும் கல்யாணமானவர்கள்.

மெட்ராசில்தான் படிக்க வேண்டும் என்றால் என் அத்தையால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க முடியாது. அவருக்கு மனசு இல்லாமல் இல்லை. இரண்டு பிள்ளைகளைப் பகல் நேரம் பார்த்துக்கொள்ளலாம், மூன்று வருடம் பார்த்துக்கொள்ள முடியாது.

இன்று சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கும் குடும்ப வன்முறை வழக்கும் நடத்துகிறேன். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து வருகிற பெண்கள் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே என்னிடம் பேசுகிறார்கள். மாமனார் செய்ததை ஆண் வக்கீலிடம் சொல்லக் கூச்சப்படுகிற பெண் என்னிடம் சொல்கிறாள். பக்கத்தில் ஒரு கல்லூரி வந்தால் யாருக்கெல்லாம் பயன் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பெண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கொத்தமல்லிச் செடி
மே 13, இரவு 10:55

அக்கா, இதைப் படித்துவிட்டு அழுதுவிட்டேன். எனக்கு இப்போது 31.

சத்துவாச்சாரி
மே 13, இரவு 11:02

சேர்க்கை அறிவிப்பு வரும்போது தனிச் செய்தி அனுப்புகிறேன். பி.காம். மார்க் ஷீட்டை எடுத்து வை.

ஹால்ட் வண்டி
மே 14, காலை 5:30

போக்குவரத்துக் கழகத்தில் 29 வருடம் கண்டக்டராக இருந்தேன். மலையோரத்து ரூட் நிறைய பார்த்தவன். அம்மா உத்திரகாவேரி, நீங்கள் சொன்ன 7 மணி வண்டி ஏன் ஒடுகத்தூரோடு நிற்கிறது தெரியுமா? கலெக்‌ஷன். கடைசி நாலு கிலோமீட்டருக்கு டிக்கெட் எடுப்பவர்கள் நாலைந்து பேர்தான் இருப்பார்கள். பாஸில் வருகிற பிள்ளைகள் வண்டி நிறைய இருந்தாலும் பைசாவாகத் தெரிய மாட்டார்கள். மேலே உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அந்த நடை காலியாக ஓடுவதாகத் தோன்றும், வெட்டிவிடுவார்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்தது பெரிய உதவி. காட்டு வேலைக்குப் போகிறவர், பூ விற்கிறவர், படிக்கிற பிள்ளை எல்லோரும் கைப்பணம் இல்லாமல் ஏறினார்கள். ஆனால் டவுன் பஸ் வராத ஊருக்கு அதனால் என்ன பிரயோஜனம்? வெளியூர் போகிற மப்சல் வண்டியில் அது செல்லாது.

நான் ஒரு வழி சொல்கிறேன். நைட் ஹால்ட் கேளுங்கள். ராத்திரி கடைசி நடையாக உங்கள் ஊருக்கு வந்து, டிரைவர் கண்டக்டர் அங்கேயே படுத்து, விடியற்காலையில் முதல் நடையாகக் கிளம்புகிற வண்டி. ஒரு ஹால்ட் வண்டி கொடுத்தால் காலை பஸ், ராத்திரி பஸ் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீரும். ஊர்க்காரர்கள் படுக்க ஒரு இடம், குளிக்கத் தண்ணி, கழிப்பறை கொடுக்க வேண்டும். அதை மனுவிலேயே எழுதிக் கொடுத்தால் டிப்போவில் சாக்குச் சொல்ல முடியாது. எத்தனை பிள்ளைகள், எந்தக் கல்லூரி, எத்தனை மணிக்கு வகுப்பு விடுகிறது என்று ஒரு பட்டியல் போட்டு இணையுங்கள். வெறுமனே "பஸ் வசதி வேண்டும்" என்று எழுதுகிற மனு கட்டோடு கட்டாகப் போய்விடும்.

ஒரு தடவை ஒரு ஊரில் நான்கு பெண்கள் மட்டும் கல்லூரி போய்க்கொண்டிருந்தார்கள். ஹால்ட் வண்டி போட்ட இரண்டாவது வருடம் பதினேழு பேர் ஏறினார்கள். அதில் பாதிப் பேரின் பெயர் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

கோட்டை மதில்
மே 14, காலை 8:00

ஐயா சொன்ன "வகுப்பு விடுகிற நேரம்" முக்கியம். அரசுக் கல்லூரிகளில் இரண்டு ஷிப்ட் இருந்தால், இரண்டாவது ஷிப்டில் இடம் கிடைத்த பெண் வெளியே வர சாயந்திரம் ஆறு ஆகிவிடும். அதற்காகவே இடத்தை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். கவுன்சலிங் அன்று எந்த ஷிப்ட் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் இயற்பியல் துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள், எத்தனை கௌரவ விரிவுரையாளர்கள், ஆய்வகத்தில் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்தில் இருப்பதாலேயே ஒரு கல்லூரியிடம் குறைவாக எதிர்பார்க்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை விட வேண்டும்.

பழைய வார்டன்
மே 14, மாலை 4:45

இவ்வளவு பேசியும் விடுதியைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. நான் அரசுக் கல்லூரி மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்தவள்.

பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சேர, வீட்டுக்கும் கல்லூரிக்கும் குறைந்தது 8 கிலோமீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு விதி. அந்த விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. பெண் என்றால் எவ்வளவு கிட்ட இருந்தாலும் சேரலாம். இந்த ஒரு வரியை எழுதிய அதிகாரி யாரோ தெரியாது, கொத்தமல்லிச் செடி சொன்ன நாற்று நடுகிற கதையெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தங்கவும் சாப்பிடவும் காசு இல்லை. வருமானச் சான்று, சாதிச் சான்று, கல்லூரியில் சேர்ந்த சான்று வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளும் இருக்கின்றன. பிள்ளைக்கு எது பொருந்தும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கை முடிந்ததும் உடனே போட வேண்டும், இடம் குறைவு.

உங்கள் அண்ணனுக்கு ஒன்று சொல்லுங்கள். என் விடுதியில் சேர்த்த அப்பாக்கள் முதல் மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நிற்பார்கள். ஒரு கவரில் முறுக்கு, இன்னொன்றில் துணி. பிள்ளையைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். ஒரே பஸ்ஸில் வரக்கூடிய தூரம் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம். தீபாவளிக்குள் மாதம் ஒரு முறை ஆகிவிடும்.

வீட்டில் யாராவது பீடி சுற்றினால் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை தனியாக இருக்கிறது. அடையாள அட்டை வேண்டும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு பக்கம் எத்தனையோ அம்மாக்கள் அட்டை வைத்திருந்தும் இதைக் கேட்காமலே விட்டார்கள்.

உத்திரகாவேரி
மே 19, இரவு 9:20

இத்தனை நாள் பதில் எழுதவில்லை, மன்னியுங்கள். ஊருக்குப் போயிருந்தேன்.

இந்த இழையை அண்ணனுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். ஆம்பூர் வாசி எழுதிய இடத்தில் நிறுத்தச் சொல்லி மறுபடியும் படிக்கச் சொன்னார். எங்கள் ஊர் முனைக்கும் கம்பெனி வண்டி வருகிறது. வார்டன் அம்மா எழுதியதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து போனார். மறுநாள் காலையில் ஆட்டுச் சந்தைக்குக் கிளம்புகிறவர் போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "அந்த ஆஸ்டல பாத்துட்டு வரலாம் வா" என்றார். மூன்று பேரும் போனோம். விடுதி வாசலிலிருந்து கல்லூரி கேட் வரைக்கும் அண்ணன் தனியாக நடந்து போய்த் திரும்பி வந்தார். வழியில் டீக்கடை எத்தனை, விளக்குக் கம்பம் எரியுமா என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே கரைந்துவிட்டது.

வேலூரில்தான் சேர்க்கப்போகிறோம். இயற்பியல், முதல் ஷிப்ட் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். கோட்டை மதில் சார் சொன்னபடி ஆய்வகத்தையும் பார்த்தோம். விடுதிக்கும் காகிதமெல்லாம் தயார். சென்னை இடம் போகிறதே என்று எனக்கு மனசு கேட்கவில்லைதான். அதை மறைக்க மாட்டேன். அவளுக்கும் முகம் வாடித்தான் இருந்தது. அவளே இங்கே எழுதுகிறேன் என்றாள்.

புதிய உறுப்பினர்
மே 19, இரவு 9:45

எல்லோருக்கும் வணக்கம். நான்தான் அந்தப் பெண். அத்தையின் போனிலிருந்து எழுதுகிறேன்.

சென்னை போகத்தான் ஆசை. ஆனால் ஒன்று யோசித்தேன். எங்கள் வகுப்பில் 26 பெண்கள் பிளஸ் டூ பாஸ். அதில் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது இதுவரை ஏழு பேர். நான் சென்னை போனால் "அவளுக்கு மார்க் இருக்குது, அவ அத்தை படிச்சவங்க" என்று சொல்லிவிடுவார்கள். வேலூர் விடுதி என்றதும் என் தோழிகள் இரண்டு பேரின் அம்மா வந்து என்னென்ன காகிதம் வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா எல்லாம் தெரிந்தவர் மாதிரி வரிசையாகச் சொன்னார்.

எம்.எஸ்சி.க்குச் சென்னையோ அதற்கு மேலேயோ அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். வெள்ளை மல்லி அக்கா, என் தங்கை இப்போது ஆறாவதுதான் படிக்கிறாள்.

ஹால்ட் வண்டி
மே 20, காலை 5:40

நல்லா படி கண்ணு. அந்த மற்ற 19 பேரின் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடு, மனுவுக்கு வேண்டும்.

உத்திரகாவேரி
மே 20, இரவு 8:15

மனு எழுதிவிட்டோம் ஐயா. எங்கள் ஊரும் பக்கத்து இரண்டு ஊரும் சேர்ந்து, பள்ளி, கல்லூரி, வேலை என்று பஸ்ஸில் போகிற பெண்கள் 61 பேரின் பட்டியல் இணைத்திருக்கிறோம். டிரைவர், கண்டக்டர் படுக்க நூலகக் கட்டடத்தின் பின்னறையைத் தருவதாக ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வரும் திங்கட்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கொடுக்கிறோம். ஒரு நகல் டிப்போவுக்கு.

அணைக்கட்டு, ஒடுகத்தூர் ரூட்டில் இருக்கிற வேறு ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பட்டியலோடு காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள். நான் பச்சைப் புடவையில் இருப்பேன், கூட அண்ணனும் வருகிறார்.